கணினியும் இலக்கியமும் சேர்ந்த ஆய்வுக் கட்டுரை: முதல் முறை அனுப்புகிறவர்களுக்கு

பழைய தமிழ் வார இதழ்களின் பக்கங்களைக் கணினியில் ஏற்றி, தொடர்கதைகளின் உரையாடல் மொழி எப்படி மாறியது என்று பார்த்து நான் எழுதிய முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதைப் படித்துப் பார்த்த இரண்டு ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் வந்தன. ஒருவர், எண்ணிக்கையெல்லாம் சரி, இதனால் இலக்கிய வரலாற்றில் நமக்குத் தெரிந்தது எது மாறுகிறது என்று கேட்டிருந்தார். இன்னொருவர், எத்தனை பக்கங்களைக் கண்ணால் சரிபார்த்தீர்கள், பிழை விகிதம் எங்கே என்று கேட்டிருந்தார். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்குமே என்னிடம் அப்போது பதில் இல்லை.

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்று சொல்லப்படும் இந்தத் துறையில் உங்கள் கட்டுரையைப் பெரும்பாலும் இந்த இருவர்தான் படிப்பார்கள். ஒருவர் தமிழோ வரலாறோ படித்தவர், மற்றவர் கணினியிலோ மொழியியலிலோ வேலை செய்கிறவர். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலிருந்து இதழுக்கு அனுப்பும் நாள்வரை இருவரையும் மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே உள்ளவை அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

இந்தத் துறையின் தொடக்கமாகப் பலரும் சொல்வது ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியாரின் வேலையை. அவர் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்தில் 'இருத்தல்', 'உடனிருத்தல்' என்ற கருத்தைத் தேடினார். அதற்கு நேரான பெரிய சொற்களைப் பார்த்தபோது பயன் இல்லை. விஷயம் 'இன்' (உள்ளே) என்ற சின்ன லத்தீன் சொல்லில் இருக்கிறது என்று கண்டுகொண்டு, அது வரும் வாக்கியங்களைக் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதினார். 1949-இல் அவர் ஐபிஎம் நிறுவனத்திடம் போனது அதற்கு அப்புறம்தான். கேள்வி கைக்கு அடங்காமல் போனதால் இயந்திரம் தேவைப்பட்டது. நம்மில் பலர் ஒரு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, அதில் எதைப் போடலாம் என்று தேடுகிறோம். எழுதி முடித்த பிறகு அந்தக் குறை கட்டாயம் தெரியும்.

ஒரு தாளில் இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியம், அந்த நூல்களைப் பற்றியோ சமூகத்தைப் பற்றியோ நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பது. இதில் எந்த மென்பொருளின் பெயரும் வரக்கூடாது. இரண்டாவது, அதை உட்கார்ந்து படித்தே ஏன் கண்டுபிடிக்க முடியாது என்பது. முதல் வாக்கியம் வரவில்லையா? கவலை வேண்டாம். உங்கள் கையில் இருப்பது கட்டுரையாக இல்லாமல் ஒரு நல்ல தரவுத் தொகுப்பாகவோ ஒரு செய்முறைப் பாடமாகவோ இருக்கலாம். அவற்றுக்கும் இதழ்கள் உண்டு.

எந்த வடிவம், எந்த இதழ்

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் குவார்ட்டர்லி 2007 முதல் வருகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம், எழுதுகிறவரிடமும் பணம் வாங்குவதில்லை. கருத்து வலுவாக இருந்தால் நீளமாக எழுதவும் இடம் கொடுப்பார்கள். டிஜிட்டல் ஸ்காலர்ஷிப் இன் தி ஹியூமானிட்டீஸ் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் இதழ். 1986-இல் வேறு பெயரில் தொடங்கியது, கணக்கீட்டு முறையைச் சற்றுக் கடுமையாகவே பார்க்கும். சந்தா இதழ் என்பதால், எல்லோரும் படிக்கும்படி வரவேண்டுமென்றால்தான் கட்டணம். கல்ச்சுரல் அனலிடிக்ஸ் இதழ் 2016-இல் வந்தது. பெரிய தொகுப்புகளை வைத்துப் பண்பாட்டைப் பற்றி வாதம் செய்கிறவர்களுக்கு ஏற்ற இடம். இணையச் சமூகம், சமூக ஊடகம் பற்றி எழுதுகிறவர்கள் 1996 முதல் வரும் ஃபர்ஸ்ட் மண்டேயைப் பார்க்கலாம். அதே 1996-இல் தொடங்கிய கைரோஸ் வேறு மாதிரி. அதில் கட்டுரையே ஒரு வலைத்தளமாக இருக்கவேண்டும், பக்க வடிவமைப்பும் வாதத்தின் பகுதி.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றில் எதையும் அல்ல. ஜர்னல் ஆஃப் ஓப்பன் ஹியூமானிட்டீஸ் டேட்டா என்றொரு இதழ் இருக்கிறது. ஒரு தரவுத் தொகுப்பை எப்படி உருவாக்கினீர்கள், அதில் என்ன இருக்கிறது, பிறர் எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஏறக்குறைய 1,000 சொற்களில் எழுதினால் போதும், மதிப்பீட்டுக்குப் போகும். இரண்டு வருடம் கஷ்டப்பட்டு ஒரு பட்டியலை உருவாக்கியவருக்கு அந்த உழைப்பு ஒரு வெளியீடாகக் கணக்கில் வரும். ரிவ்யூஸ் இன் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் 2020 முதல் டிஜிட்டல் திட்டங்களுக்கே மதிப்புரை வெளியிடுகிறது. நீங்கள் ஓர் ஆவணத் தளம் கட்டியிருந்தால் அங்கே கொடுக்கலாம். புரோகிராமிங் ஹிஸ்டோரியன் செய்முறைப் பாடங்களை வெளியிடுகிறது. அங்கே மதிப்பீடு திறந்த வெளியில், பெயர் தெரிந்தே நடக்கும். அந்த உரையாடல்களைப் படித்தாலே ஒரு மதிப்பீட்டாளர் எப்படி யோசிக்கிறார் என்று புரிந்துவிடும். எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு மாலை முழுவதும் அதைப் படியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

இதழைத் தேர்ந்த பின் அதன் கடைசி மூன்று இதழ்களை எடுத்து வாசியுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த இதழில் வந்த கட்டுரை ஒன்றுகூட இல்லையென்றால், ஒன்று நீங்கள் அந்த உரையாடலைப் படிக்கவில்லை, அல்லது இதழ் தவறு.

தரவு: இங்கேதான் பொறுமை வேண்டும்

தமிழ் நூல்களை வைத்து வேலை செய்கிறவர்கள் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இது. ஆங்கில இதழ்களின் வழிகாட்டிகளில் இது பற்றி ஒன்றும் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள், இன்றைய அச்சில் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்ததற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை முதலியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பு இருக்கும். றா, னா, ணா வேறு உருவத்தில் இருக்கும். புதிய அச்சை மட்டும் பார்த்துப் பழகிய மென்பொருள் இவற்றில் தடுமாறும். தனி எழுத்தான 'ர'வையும் துணைக்கால் 'ா'வையும் குழப்பிக்கொள்வது எல்லாக் காலத்து அச்சிலும் நடக்கும்.

பழைய நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டு ௧௮௮௭ என்று தமிழ் எண்ணில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அதைக் 'கஅஅஎ' என்று எழுத்தாகவே வாசித்துவிடலாம். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கோ ௧ வேறு, க வேறு. ஆண்டுவாரியாகப் பிரிக்கும்போது அந்த நூல் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. 'கொ' என்பதை, கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வுடன் 'ொ' என்ற ஒரே குறி, அல்லது 'க'வுடன் 'ெ', அப்புறம் 'ா' என்று இரண்டு குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் சில மென்பொருளில் பாதிதான் கிடைக்கும். இதைச் சரிசெய்ய எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற சீர் வடிவுக்கு மாற்றிவிடவேண்டும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. ஆனால் 'கௌரவம்' என்பதைப் பலர் 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு 'கெளரவம்' என்று தட்டச்சு செய்திருப்பார்கள். அதை எந்தச் சீர் வடிவும் திருத்தாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதைத் தனியாகத் தேடித் திருத்தவேண்டும்.

சரி, பிழை விகிதத்தை எப்படிச் சொல்வது? தொகுப்பிலிருந்து குலுக்கல் முறையில் 50 பக்கம் எடுங்கள். நல்ல பக்கமாகப் பார்த்து எடுக்காதீர்கள். அவற்றைக் கையால் தட்டச்சு செய்து, மென்பொருள் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். 1,000 எழுத்தில் 60 தவறு என்றால் 6 விழுக்காடு. குறைவாகத் தோன்றும். ஆனால் பிழைகள் பரவலாக விழுந்திருந்தால், ஆறு எழுத்துச் சொல் ஒன்று முழுதும் சரியாக இருக்க வாய்ப்பு 69 விழுக்காடுதான். அதாவது நீளமான சொற்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கெட்டுப்போயிருக்கும். சொல் எண்ணிக்கையை வைத்து வாதம் செய்கிறவர் இந்தக் கணக்கைக் கட்டுரையில் போட்டே ஆகவேண்டும். எனக்கு வந்த இரண்டாவது மதிப்பீட்டின் கேள்வி இதுதான். அந்த 50 பக்கத்தை நான் அப்புறம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். செய்துகொண்டிருக்கும்போதே, ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்து உரையாடலுக்கு மேற்கோள் குறி போடும் வழக்கம் மாறியிருப்பதைப் பார்த்தேன். உரையாடலைப் பிரித்தெடுக்க நான் எழுதியிருந்த நிரல் அந்தக் குறியை நம்பித்தான் இருந்தது. என் வரைபடத்தில் திடீரென்று ஏறிய கோட்டுக்குப் பாதிக் காரணம் அச்சகம்தான்.

தொடக்கத்திலிருந்தே ஒரு வேலைக் குறிப்பேடு வையுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கோப்பில் எதை மாற்றினீர்கள், எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள். கட்டுரையின் முறையியல் பகுதி அதிலிருந்துதான் வரும். மூலக் கோப்பைத் தொடவே கூடாது, திருத்தம் எல்லாம் நகலில்தான்.

யாருடைய உரிமை

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு கழித்துத்தான் நூல் பொதுவுடைமை ஆகிறது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளுக்கு உரிமை வாங்கியது, அதற்குப் பின் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. உங்கள் ஆசிரியர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். வார இதழ் என்றால் கஷ்டம்: ஒரே இதழில் கதைக்கு ஒருவர், ஓவியத்துக்கு ஒருவர், புகைப்படத்துக்கு ஒருவர் என்று உரிமை பிரிந்திருக்கும். முழு உரையை வெளியிட முடியாதபோது, பக்கவாரியாகச் சொல் எண்ணிக்கையை மட்டும் வெளியிடலாம். அமெரிக்காவின் ஹாத்தி டிரஸ்ட் நூலகத் தொகுப்பு உரிமை உள்ள நூல்களுக்கு இப்படித்தான் செய்கிறது. கணக்கைச் சரிபார்க்க விரும்பும் மதிப்பீட்டாளருக்கு அது பெரும்பாலும் போதும். நூலகம் கொடுத்த படத்தைக் கட்டுரையில் போடுவதென்றால் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், முன்கூட்டியே கேளுங்கள்.

சமூக ஊடகப் பதிவுகளை ஆராய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு இருக்கிறது. ஒரு பதிவை அப்படியே மேற்கோள் காட்டி, பெயரை மட்டும் மறைத்தால் மறைத்ததாக ஆகாது. அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆள் வந்துவிடுவார். சாதி பற்றியோ, தனக்கு நடந்த வன்முறை பற்றியோ ஒரு பெண் எழுதிய பதிவு உங்கள் கட்டுரையின் வழியாக அவருக்கே ஆபத்தாகிவிடக்கூடாது. கருத்தை உங்கள் சொல்லில் சொல்லுங்கள், அல்லது அவரிடம் கேளுங்கள். இணைய ஆய்வாளர் சங்கம் 2002, 2012, 2019 என்று மூன்று முறை இதற்கான நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. கடைசியாக வந்ததைப் படித்துவிட்டு, உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் தரவு சேகரிக்கும் முன்பே போங்கள். இன்னொன்று: ட்விட்டர் ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவந்த இலவச அணுகல் 2023-இல் நின்றுபோனது. ஒரே நிறுவனத்தின் கதவை நம்பி மூன்று வருட ஆய்வைத் திட்டமிடாதீர்கள்.

எழுதும்போது

கட்டுரையின் முதல் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். கலைப்புல வாசகர் முறையியலைத் தாண்டி அங்கே வந்து சேருவார் என்று நம்ப முடியாது. முறையியலில் வரும் ஒவ்வொரு தொழில்நுட்பச் சொல்லுக்கும் ஒரு வாக்கிய விளக்கம் கொடுங்கள். அதேபோல, 'மணிப்பிரவாளம்', 'தனித்தமிழ் இயக்கம்' போன்ற சொற்களுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள். நமக்குப் பழகியதாலேயே இதை மறந்துவிடுகிறோம்.

எண்ணும் வாசிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகட்டும். வரைபடத்தில் ஏதோ ஓர் ஆண்டில் ஏற்றம் தெரிகிறதென்றால், அடுத்த பத்தியில் அந்த ஆண்டின் ஒரு கதையை எடுத்து, ஓர் உரையாடலை மொழிபெயர்த்துக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். உங்கள் முடிவுக்கு ஒத்துவராத ஒரு கதையையும் எடுத்துக் காட்டுங்கள். என் திருத்திய கட்டுரையில் எல்லோருக்கும் பிடித்த பகுதி அந்த ஒத்துவராத கதைதான்.

ஆங்கிலக் கட்டுரையில் தமிழ்ச் சொற்களை ஒலிபெயர்க்க ஒரே முறையைப் பின்பற்றுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையோ ஐஎஸ்ஓ 15919 முறையோ, எதுவானாலும் முதல் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். இதழ் அனுமதித்தால் மேற்கோளைத் தமிழ் எழுத்திலேயும் கொடுங்கள். பக்கம் அமைத்து மெய்ப்பு வரும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கவேண்டியது உங்கள் வேலை. அங்கே தமிழ் தெரிந்தவர் இருக்க வாய்ப்பு குறைவு.

யார் பெயர் வரவேண்டும்

தட்டச்சு செய்தவர், நிரல் எழுதிக் கொடுத்த நண்பர், ஸ்கேன் எடுக்க உதவிய நூலகர் ஆகியோரில் யார் ஆசிரியர், யாருக்கு நன்றி என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வையுங்கள். கிரெடிட் என்ற வகைப்பாட்டில் 14 வகைப் பங்களிப்புகள் இருக்கின்றன. தரவைச் சீர்செய்தல், மென்பொருள் எழுதுதல் எல்லாம் அதில் தனித்தனி. அந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் மனக்கசப்பு வராது. துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்க்கும் வழக்கத்துக்கு அந்தப் பதினான்கில் இடம் இல்லை.

அனுப்புதலும் பணமும்

ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 16 இலக்கம், இலவசம். நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருப்பதால், உங்கள் கட்டுரைகளை ஒரே ஆளுடையவை என்று காட்ட அது ஒன்றுதான் நிச்சயமான வழி. பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால் கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் முகவரியும் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரே சமயத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள்.

பாராட்டு மழையோடு மின்னஞ்சல் வந்து, ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், இவ்வளவு பணம் என்று சொன்னால் விலகிவிடுங்கள். ஒரு வாரத்தில் யாராலும் கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது. இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ் என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் அது இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க இதழ்களுக்கான தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே 'பட்டியலில் இருக்கிறது' என்று இன்னும் விளம்பரம் செய்யும் இதழ்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் என்ற விதியையும் அந்தக் குழு 2022-இல் நீக்கிவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அவசரத்தில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள், நல்ல ஆய்வையும் மோசமான இடத்தில் புதைத்துவிடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. கட்டணம் கேட்கும் நல்ல இதழ்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் விலக்குக் கேட்கலாம். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்பதைவிட அனுப்பும்போதே கேட்பது நல்லது. 2015 முதல் இயங்கும் ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸின் இதழ்களில் எழுதுகிறவரிடம் பணமே வாங்குவதில்லை. நூலகங்கள் சேர்ந்து செலவை ஏற்கின்றன.

மதிப்பீடு வந்ததும்

அன்று பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு கருத்தையும் தனி வரியாக ஒரு கோப்பில் ஒட்டி, கீழே நீங்கள் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். 'பெரிய திருத்தம்' என்று வந்தால் அது நல்ல செய்தி. இதழாசிரியர் உங்களை இன்னும் வெளியே அனுப்பவில்லை என்று பொருள். கணினிக்காரர் ஒன்றும் கலைப்புலத்தார் நேர் எதிராக இன்னொன்றும் கேட்டால், இருவரையும் திருப்திப்படுத்தக் கட்டுரையைப் பிய்த்துப் போடாமல், எந்த வழியில் போகட்டும் என்று இதழாசிரியரிடமே கேளுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத கருத்துக்குக் காரணத்தோடு மறுப்பு எழுதலாம். மரியாதையாக, இரண்டு வாக்கியத்தில்.

வெளிவந்த பிறகு

2005-இல் தொடங்கிய வெக்டர்ஸ் என்ற இதழ் மிக அழகான, ஊடாடும் ஆய்வுகளை வெளியிட்டது. அவற்றில் பல, உலாவியில் அசைவும் ஊடாட்டமும் தரும் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் நின்றது, சாதாரண உலாவியில் அவற்றைத் திறக்க முடியாமல் போனது. உங்கள் தளமும் ஒருநாள் நிற்கும் என்று எண்ணி வேலை செய்யுங்கள். உரையை எளிய உரைக் கோப்பாகவும், அட்டவணையை எந்த மென்பொருளும் திறக்கும் எளிய சிஎஸ்வி கோப்பாகவும், என்ன எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு விளக்கக் கோப்போடு சேர்த்து ஜெனோடோவில் வையுங்கள். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கொடுக்கும், அந்த எண்ணைக் கட்டுரையிலேயே போட்டுவிடலாம்.

என் கட்டுரை வந்து சில மாதம் கழித்து, ஒரு வாசகர் மூன்று இதழ்களின் தேதி தவறாக இருக்கிறது என்று எழுதினார். அவர் வீட்டில் அந்த இதழ்களின் தைத்த தொகுப்பு இருந்திருக்கிறது. சிஎஸ்வி கோப்பில் மூன்று வரியைத் திருத்தி, விளக்கக் கோப்பில் திருத்தத்தையும் அவருக்கு நன்றியையும் சேர்த்து, ஜெனோடோவில் இரண்டாம் பதிப்பாக ஏற்றினேன். ஒவ்வொரு பதிப்புக்கும் அங்கே தனி டிஓஐ உண்டு, எல்லாப் பதிப்புக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. கட்டுரையில் நீங்கள் கொடுக்கவேண்டியது கணக்குப் போட்ட அந்தப் பதிப்பின் எண்ணை. அப்போதுதான் பழைய தேதிகளோடு யாராவது மறுபடி கணக்கிட்டுப் பார்த்தாலும் உங்கள் அட்டவணையில் உள்ள அதே எண்கள் வரும்.